கோப்பின் பெயரும் கோப்பின் இடமும்

ஒரு பொருளின் பெயரைச் சொல்வது வேறு. அப்பொருள் இருக்கும் இடத்துக்கு வழி சொல்வது வேறு. நூலகத்தில் ஒரு நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் நூலகர் அதை எடுத்து வந்து தருவார். அதே சீட்டில், "அலமாரியை விட்டு வெளியே வருக, கூடத்தைக் கடந்து செல்க, அலுவலக அறைக்குள் புகுந்து மேசைமீதுள்ள சம்பளப் பதிவேட்டைக் கொணர்க" என்று எழுதிக் கொடுத்தால் எந்த நூலகரும் நகைப்பார். கணினியோ நகைப்பதில்லை. அதற்கு நிரல் எழுதியவர் விழிப்புடன் இருக்கவில்லையெனில், அது சீட்டில் கண்ட வழியே நடந்து சென்று பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டிவிடும். இப்பிழையை நாம் 'கோப்புறை தாண்டல்' என்று வழங்கலாம். தரவுத்தளங்களை உலாவியின் வழியே மேற்பார்க்கும் கருவிகளில் இப்பிழை எவ்வாறு புகுந்தது, அதை எவ்வாறு தடுக்கலாம் என்பனவற்றை இன்று விளக்க எண்ணுகிறேன்.

முதலில், கணினியினுள் கோப்புகள் அமைந்திருக்கும் முறையைப் பார்ப்போம். கோப்புகள் கோப்புறைகளுக்குள் இருக்கின்றன. அக்கோப்புறைகள் வேறு கோப்புறைகளுக்குள் இருக்கின்றன. இவ்வாறு மேலே மேலே சென்றால் எல்லாவற்றுக்கும் மூலமான ஒரு கோப்புறையை அடைகிறோம். அதற்கு வேர் என்று பெயர். வேரிலிருந்து ஒரு கோப்புக்கு வரும் பாதையை எழுதுங்கால், கோப்புறைப் பெயர்களுக்கிடையே சாய்கோடு இடுவது மரபு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் அமைப்பில் மற்றொரு குறியும் வழக்கிற்கு வந்தது. பாதையில் இரண்டு புள்ளிகளை இட்டால், 'இங்கிருந்து ஒரு படி மேலே செல்க' என்பது பொருள். இன்று லினக்ஸ், விண்டோஸ் முதலிய எல்லா அமைப்புகளும் இதை ஏற்கின்றன. நிரல் எழுதுவோர் நாள்தோறும் கையாளும் நல்ல வசதி இது. இதனிடத்தில் குற்றம் ஏதுமில்லை. இதை யார் எழுதித் தருகிறார், யார் நம்பி நடக்கிறார் என்பதில்தான் தொல்லை தோன்றுகிறது.

நான் குடியிருக்கும் குமணன்சாவடியைக் கொண்டே இதை விளக்குகிறேன். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் பொது இடத்தைக் குறிக்கும் பழஞ்சொல். சென்னையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூர்ச் சந்திப்பிலிருந்து ஒரு சாலை பிரிந்து மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் செல்கிறது. இங்கே ஒரு கடைக்காரர் தம் பணியாளிடம், "மாங்காட்டுச் சாலையில் உள்ள வீடுகளுக்கு மட்டுமே நீ செல்லவேண்டும்" என்று கட்டளையிடுகிறார் என்று கொள்வோம். அதற்காக, வாடிக்கையாளர் எழுதித் தரும் முகவரி எதுவானாலும் அதன் தலைப்பில் 'மாங்காட்டுச் சாலை' என்னும் சொற்களைத் தாமே சேர்த்துவிடுகிறார். 'பச்சை வாயில் வீடு' என்று ஒருவர் எழுதினால், சீட்டு 'மாங்காட்டுச் சாலை, பச்சை வாயில் வீடு' என்று ஆகும். இனிக் கவலையில்லை என்று அவர் நினைக்கிறார்.

ஒரு குறும்பர் வருகிறார். அவர் எழுதுவது: "வந்த வழியே ஒரு படி திரும்புக, பூந்தமல்லிச் சாலையில் செல்க, கருவூலத்தின் பின்கதவைத் திறக்க." கடைக்காரர் வழக்கம்போல் முன்னால் 'மாங்காட்டுச் சாலை' என்று சேர்க்கிறார். பணியாள் மாங்காட்டுச் சாலையில் காலடி வைக்கிறார். உடனே சந்திப்புக்குத் திரும்புகிறார். பூந்தமல்லி நோக்கி நடக்கிறார். முன்னால் ஒட்டிய சொல் சீட்டில் அப்படியே இருக்கிறது. ஆனால் ஆள் போய்ச் சேர்ந்த இடம் வேறு. கோப்புறை தாண்டல் என்பதன் முழு உருவமும் இதுவே. பயனர் தந்த சொல்லைக் கோப்பின் பெயர் என்று நம்பி, முன்னால் ஒரு கோப்புறையின் பாதையை ஒட்டிவிட்டுத் திறப்பதால் விளையும் கேடு இது.

இனி, தரவுத்தள மேற்பார்வைக் கருவிகளுக்கு வருவோம். பள்ளியின் மாணவர் பட்டியல், மருத்துவமனையின் நோயாளர் குறிப்பு, கடையின் வரவுசெலவு ஆகிய யாவும் இன்று தரவுத்தளங்களில் இருக்கின்றன. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்பன அவற்றுள் பெரிதும் வழங்குபவை. இவற்றைக் கட்டளை எழுதி இயக்கலாம். அது எல்லாருக்கும் எளிதன்று. ஆகவே, உலாவியில் பக்கம்போல் திறந்து, பட்டியல்களைப் பார்க்கவும் திருத்தவும் உதவும் கருவிகள் தோன்றின. 1998ஆம் ஆண்டில் டோபியாஸ் ராட்ஷில்லர் என்பவர் தொடங்கிய பிஎச்பிமைஅட்மின் அவற்றுள் புகழ்பெற்றது. மாணவர் தம் கணினியில் சேம்ப் போன்ற தொகுப்பை நிறுவும்போது இதுவும் உடன் வந்து அமர்ந்துவிடும். போஸ்ட்கிரெஸுக்கு பிஜிஅட்மின் என்னும் கருவி உண்டு.

இத்தகைய கருவியில் கோப்புறை தாண்டல் ஏன் மிகுந்த தீங்கு விளைக்கிறது? இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இக்கருவி சாவிக்கொத்தை வைத்திருக்கும் காவலரைப் போன்றது. தரவுத்தளத்தின் கடவுச்சொல் பல இடங்களில் இதன் அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைக்கப்படுகிறது. அந்த ஒரு கோப்பு வெளியே சென்றால் தரவுத்தளம் முழுவதும் சென்றதாகும். இரண்டாவது, இதன் தொழிலே கோப்புகளுடன் உறவாடுவது. பட்டியலை ஏற்றுமதி செய்வது, இறக்குமதி செய்வது, மொழியை மாற்றுவது, தோற்றத்தை மாற்றுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பைத் திறக்கவேண்டியிருக்கிறது. எந்தக் கோப்பு என்பதைப் பயனரின் விருப்பமே முடிவு செய்கிறது. ஆகவே, அயலார் எழுதித் தரும் சீட்டுகள் இங்கே மிகுதி.

2004ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தியைப் பாருங்கள். பிஎச்பிமைஅட்மினின் 2.5.5ஆம் பதிப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும், ஏற்றுமதி செய்யும் பக்கத்தில் இப்பிழை இருந்தது. பட்டியல் எந்த வடிவில் வேண்டும் என்று அப்பக்கம் கேட்கும். பயனர் தரும் விடையைக் கொண்டு அதற்குரிய கோப்பைத் திறக்கும். வடிவத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இருபுள்ளிப் படிகளை எழுதினால், சர்வரில் உள்ள வேறு கோப்புகளைப் படிக்க முடிந்தது. நம் கடைக்காரரின் பிழையேதான்!

இத்தகைய செய்தி வெளிவந்ததும் பலர் செய்யும் முதற் பரிகாரம் ஒன்று உண்டு. சீட்டில் '../' என்னும் குறி இருந்தால் அதை அழித்துவிடுவது. இது போதுமா? '....//' என்று ஒருவர் எழுதுகிறார். இதன் நடுவே இருக்கும் '../' என்பதை நிரல் அழிக்கிறது. மிஞ்சுவது என்ன? முன்னே இரண்டு புள்ளி, பின்னே ஒரு சாய்கோடு, மறுபடியும் '../' தான்! களையைக் கிள்ளியவர் கையாலேயே களை நட்டதாயிற்று. விண்டோஸில் சாய்கோடு இடப்பக்கமும் சாயலாம், வலப்பக்கமும் சாயலாம். ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று நுழையும். தீய குறிகளைப் பட்டியலிட்டு அழிக்கும் முறை இவ்வாறுதான் தோற்கிறது.

இதைவிட நுட்பமான தோல்வி ஒன்றை 2018ஆம் ஆண்டு காட்டியது. அதை விளங்கிக்கொள்ள ஒரு சிறு செய்தி தெரியவேண்டும். இணைய முகவரிகளில் சில குறிகளை நேரே எழுதாமல், விழுக்காட்டுக் குறியுடன் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து மாற்றெழுத்தாக எழுதுவது மரபு. இதைக் கடிதத்தை உறையிலிடுவதற்கு ஒப்பிடலாம். சர்வர் உறையைப் பிரித்து உள்ளிருக்கும் குறியைப் படிக்கும். மாற்றெழுத்தில் வரும் விழுக்காட்டுக் குறியையே மீண்டும் மாற்றெழுத்தாக்கினால், உறைக்குள் உறை இட்டதாகும்.

பிஎச்பிமைஅட்மினின் 4.8.0, 4.8.1 ஆகிய பதிப்புகளில் வாயிற்காவலர் ஒருவர் இருந்தார் என்று உருவகமாகச் சொல்லலாம். அவரிடம் அனுமதிக்கப்பட்ட பக்கங்களின் பட்டியல் இருந்தது. இது மிக நல்ல முறை. முகவரியில் கேள்விக்குறி வந்தால் அதற்கு முன்னுள்ள பகுதியை மட்டும் பட்டியலுடன் ஒப்பிடுவார். குறும்பர் இரட்டை உறையிட்டு ஒரு சீட்டு அனுப்பினார். வெளியுறையைச் சர்வர் வழக்கம்போல் பிரித்தது. உள்ளுறையைக் காவலர் தாமே பிரித்தார். கேள்விக்குறி தெரிந்தது, அதன் முன்னே அனுமதிக்கப்பட்ட பக்கத்தின் பெயர் இருந்தது. "செல்லலாம்" என்றார்.

ஆனால் அறைக்குள் இருந்த எழுத்தரிடம் சென்றது, உள்ளுறை பிரிக்கப்படாத மூலச் சீட்டு! அவர் கண்ணுக்கு அதில் கேள்விக்குறியே இல்லை. விசித்திரமான பெயருடைய ஏதோ ஒரு கோப்புறை, அதன் பின்னே வரிசையாக இருபுள்ளிப் படிகள், இறுதியில் ஒரு கோப்பு: இவ்வளவே தெரிந்தன. முதற்படி அந்த விசித்திரக் கோப்புறையைத் தள்ளிவிட்டது. ஏனைய படிகள் வேர்வரை ஏற்றிச் சென்றன. காவலர் பொய் சொல்லவில்லை. எழுத்தரும் கட்டளையை மீறவில்லை. இருவரும் ஒரே சீட்டை வெவ்வேறு விதமாகப் படித்தார்கள். அவ்விடைவெளியில்தான் குறும்பர் நுழைந்தார்.

கேடு கோப்பைப் படிப்பதோடு நிற்கவில்லை. அந்த எழுத்தர் கோப்பைத் திறந்து காட்டுபவர் மட்டுமல்லர். அதனுள் நிரல் இருந்தால் அதை இயக்கவும் செய்பவர். பயனர் கருவியில் எழுதும் வினவல்கள் ஒரு தற்காலிகக் கோப்பில் சேமிக்கப்பட்டன. ஆகவே, வினவலுக்குள் ஒரு நிரலை எழுதி வைத்துப் பின் அத்தற்காலிகக் கோப்புக்கு வழி சொன்னால், சர்வரே அந்நிரலை இயக்கிவிடும். இதைச் செய்யப் பெரும்பாலும் முதலில் கருவிக்குள் முறைப்படி நுழைந்திருக்கவேண்டும் என்பது ஓர் ஆறுதல். அமைப்பில் சில தளர்வுகளைச் செய்து வைத்திருந்த இடங்களில் அந்த ஆறுதலும் இல்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வெளியான 4.8.2ஆம் பதிப்பில் இது திருத்தப்பட்டது.

இந்த இருமுறைப் பிரித்தல் புதிய பிழையா என்றால், அன்று. மைக்ரோசாப்டின் ஐஐஎஸ் என்னும் இணையச் சர்வரில் ஏறத்தாழ இதே வகைப் பிழை 2001ஆம் ஆண்டு மே மாதத்திலேயே அறிவிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் உலகெங்கும் பரவிய நிம்டா என்னும் புழு, அச்சர்வரின் கோப்புறை தாண்டல் பிழைகளையும் தன் வழிகளுள் ஒன்றாகக் கொண்டது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் அப்பாச்சி சர்வரின் 2.4.49ஆம் பதிப்பில் கோப்புறை தாண்டல் வெளிப்பட்டது. அதைத் திருத்த வந்த 2.4.50ஆம் பதிப்பை இரட்டை மாற்றெழுத்து மீண்டும் ஏமாற்றியது, 2.4.51ஆம் பதிப்பே முழுத் தீர்வு தந்தது. 20 ஆண்டுகளில் மொழிகள் மாறின, கருவிகள் மாறின. பிழையின் வித்து மாறவில்லை.

பிஜிஅட்மினில் 2024ஆம் ஆண்டு வெளிப்பட்ட பிழை மற்றொரு பாடம் தருகிறது. கோயில் வாயிலில் காலணிகளை ஒப்படைத்தால் எண்ணிட்ட வில்லை ஒன்று தருவார்கள். திரும்பி வந்து வில்லையை நீட்டினால், அந்த எண்ணுள்ள தட்டிலிருந்து நம் காலணி வரும். உலாவிக்கும் சர்வருக்கும் இடையே குக்கி என்பது அத்தகைய வில்லை. பிஜிஅட்மின் அவ்வில்லையில் எழுதியிருப்பதைக் கோப்பின் பெயராகக் கொண்டு, பயனரின் அமர்வுக் குறிப்பைத் திறந்து வந்தது. வில்லையை மீண்டும் நீட்டுபவர் பயனர் அல்லவா? அதில் எண்ணுக்குப் பதிலாக வேறொரு பாதையை எழுதி நீட்டினால், சர்வர் அங்கே சென்று அக்கோப்பைத் திறந்தது. அதில் நஞ்சு கலந்திருந்தால் அதையும் இயக்கியது. 8.3வரையுள்ள பதிப்புகளில் இருந்த இப்பிழை 8.4ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. பயனர் தட்டெழுதுவது மட்டும் அயலார் சீட்டு அன்று. உலாவி அனுப்பும் எதுவும் அயலார் சீட்டே.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று எண்ணவேண்டா. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் வரிசையில் ஆப்மேனேஜர் என்னும் மென்பொருள் உண்டு. அது தரவுத்தளக் கருவி அன்று; கணினி வலையமைப்புகளை உலாவியின் வழியே மேற்பார்க்கும் கருவி. 2014ஆம் ஆண்டில் பெட்ரோ ரிபேரோ என்னும் ஆய்வாளர் அதில் ஒரு கோப்புறை தாண்டலை வெளிப்படுத்தினார். வட்டார அடையாளம் எழுதவேண்டிய இடத்தில் இருபுள்ளிப் படிகளை எழுதினால், அனுப்பும் கோப்பு தனக்குரிய இடத்தைவிட்டு வேறிடத்தில் போய் அமர்ந்து இயங்கக்கூடியதாக இருந்தது. முன்னே சொன்ன 2004ஆம் ஆண்டுப் பிழை கோப்பை வெளியே கொண்டுவந்தது. இது கோப்பை உள்ளே கொண்டுபோய் வைத்தது. உலகெங்கும் உள்ள நிறுவனங்கள் இத்தகைய பிழைகளைச் சந்தித்திருக்கின்றன. அறிவிப்பதும் திருத்துவதும் மறைவின்றி நடப்பதே இத்துறையின் நல்வழக்கு.

இனித் தீர்வைப் பார்ப்போம். இதுவரை கண்டவற்றிலிருந்து ஒரு விதி தெளிவாகிறது: எழுதித் தந்த சீட்டைச் சோதித்தால் போதாது, அது சென்று சேரும் இடத்தைச் சோதிக்கவேண்டும். கடைக்காரர் என்ன செய்திருக்கவேண்டும்? பணியாளை அனுப்புமுன், "இவ்வழியே நடந்தால் இறுதியில் எங்கே நிற்போம்?" என்று கணக்கிட்டிருக்கவேண்டும். ஏறக்குறைய எல்லா நிரல்மொழிகளிலும் இதற்கென ஒரு செயல்கூறு உண்டு. இருபுள்ளிப் படிகளையும் குறுக்கு இணைப்புகளையும் தீர்த்து, கோப்பின் மெய்ப்பாதையை அது தரும். அம்மெய்ப்பாதை நாம் அனுமதித்த கோப்புறைக்குள் இருந்தால் மட்டுமே திறக்கவேண்டும். இங்கும் ஓர் எச்சரிக்கை: 'கணக்கு' என்று ஒரு கோப்புறையும், 'கணக்குப்பழையது' என்று அதன் பக்கத்தில் மற்றொன்றும் இருக்கலாம். தொடக்க எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றெனத் தோன்றும். ஆகவே, பெயரின் இறுதியில் வரும் சாய்கோட்டையும் சேர்த்தே ஒப்பிடுக.

இதனினும் சிறந்த வழி, பயனரிடமிருந்து கோப்பின் பெயரையே வாங்காதிருப்பது. ஏற்றுமதி வடிவங்கள் பத்து இருந்தால், அவற்றுக்கு 1 முதல் 10 வரை எண் தருக. பயனர் எண்ணைச் சொல்லட்டும். கோப்பு எது என்பதை நம் பட்டியல் சொல்லட்டும். மூன்றாவது விதி, உறையை ஒருமுறை மட்டும் பிரிப்பது. காவலர் பார்த்த சீட்டையே எழுத்தரிடமும் கொடுப்பது. நான்காவது, கருவியை இயக்கும் கணக்குக்குத் தேவைக்கு மேற்பட்ட உரிமை தராதிருப்பது. பணியாளிடம் கருவூலத்தின் சாவி இல்லையெனில், வழி தெரிந்தும் அவர் வெறுங்கையுடன்தானே திரும்புவார்?

இவை நிரல் எழுதுவோருக்கு. கருவியை நிறுவுவோருக்கும் கடமை உண்டு. மேற்பார்வைக் கருவியை ஊரெல்லாம் பார்க்கும் பொது இணையத்தில் திறந்து வைத்தல் ஆகாது. அலுவலக வலையமைப்புக்குள் மட்டும் அது தெரியட்டும். பயன்படுத்தாத கருவியை நீக்கிவிடுக. பயன்படுத்துவதைப் புதிய பதிப்புக்கு மாற்றுக.

மாலை வேளைகளில் எங்கள் பகுதி மாணவர் சிலருக்கு நிரல் எழுதக் கற்பித்து வருகிறேன். பாடத்தின் சுவையில் ஒரு மாணவர், "ஐயா, எங்கள் பக்கத்துக் கடையின் இணையதளத்தில் இதைச் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டார். கூடாது என்றேன். உரிமையாளரின் இசைவின்றி ஒரு கணினிக்குள் நுழைவது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளின்கீழ் வரும். தீய நோக்கோடு செய்தால் 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "ஆராயும் ஆவலை என்ன செய்வது?" என்றார். அது நியாயமான கேள்வி. இணையத்தோடு இணைக்காத பழைய கணினி ஒன்றை வைத்து, அதில் பிஎச்பிமைஅட்மினின் பழைய பதிப்பை நிறுவிக் கொடுத்தேன். உள்ளே இருந்தவை கற்பனைப் பெயர்கள் கொண்ட பட்டியல்கள். மாணவர்கள் தாங்களே காவலரும் எழுத்தருமாக நிரலை வரிவரியாகப் படித்தார்கள். பிழை எந்த வரியில் பிறக்கிறது என்று கண்டபோது அவர்கள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி, பிறர் வீட்டுக் கதவைத் திறந்து பெறும் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்றே நான் நம்புகிறேன்.

எவருடைய தளத்திலாவது இத்தகைய பிழை தற்செயலாக உங்கள் கண்ணில் பட்டால், மேலும் துழாவாமல் உரியவருக்கு அறிவியுங்கள். 2004ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும், செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரகாலக் குழுவுக்கும் எழுதலாம்.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் கல்லூரிப் படிப்பு முடியுமுன்பே யாருக்கேனும் ஒரு தளம் அமைத்துக் கொடுப்பீர்கள். ஊர்ப் பள்ளி கேட்கும், மருந்துக்கடை கேட்கும், கூட்டுறவுச் சங்கம் கேட்கும். அவர்கள் உங்களை நம்பித் தரும் பட்டியலில் குழந்தைகளின் பிறந்த நாள் இருக்கும், முதியோரின் மருந்துக் குறிப்பு இருக்கும், ஏழைகளின் கடன் கணக்கு இருக்கும். அப்பெயர்களுக்கு உரியவர்கள் நீங்கள் எழுதும் நிரலை ஒருநாளும் படிக்கமாட்டார்கள். அவர்களுக்காகப் படிக்கவேண்டியவர் நீங்களே. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் சற்றே நின்று, இந்தப் பெயரை யார் தந்தார், இது எங்கே போய்ச் சேரும் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். விடை தெரிந்த பிறகு அடுத்த வரிக்குச் செல்லுங்கள்.